பதினான்கு பிள்ளைகளும் ஒரு பதுளை பஸ்ஸும்

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இன்னும் பேசுகிறார்கள். நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சாமானை வாங்கிக்கொண்டு படியிறங்கியதும் தொடரும். அவர்கள் பேசுவதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். இப்போது எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை, பெரிய துக்கமும் இல்லை. எழுத இதுதான் தோதான நேரம்.

என் பெயர் யோகராணி. வயது முப்பத்தாறு. பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கணவர் சிவகுமார் பசறையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். எங்கள் மகள் நிலானிக்கு அப்போது எட்டு வயது.

முதலில் வந்தது சோர்வுதான். போன வருஷம் பள்ளி விடுமுறை முடிந்து திரும்பியபோது எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். மாவு காய்ந்து வெடித்துப்போகும். நிலானி வந்து அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கோணலாகத் தட்டிப் போடுவாள். பிள்ளைகளின் கொப்பிகள் திருத்தாமல் மேசையில் குவிந்தன. தலை வார ஒரு மணி நேரம் ஆனது. செத்துப்போனால் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அதில் அழுகையோ கோபமோ இல்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும் என்று நினைப்பதைப் போலத்தான் அதையும் நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இதை வாசிக்கிற யாருக்காவது அப்படி ஒரு நினைப்பு வந்தால், அன்றைக்கே பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

என் கணவர் ஒரு சனிக்கிழமை என்னை டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். தனியார் கிளினிக்கில் பார்ப்பவர், நல்ல மனிதர், தமிழ் பேசினார். நிறைய நேரம் எடுத்துக் கேட்டார். மனச்சோர்வு என்று சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது, இதுக்கு நேர்மாறா இருந்திருக்கீங்களா? தூக்கமே வேணாம், ரொம்ப உற்சாகம், நிறையப் பேச்சு, அப்படி ஏதாவது?"

நான் இல்லை என்றேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அது பொய். அந்தப் பொய்யை நான் பதினான்கு வருஷமாகச் சொல்லிப் பழகியிருந்தேன். அதனால் முகம் மாறாமல் சொல்ல முடிந்தது.

டொக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். இரண்டு வாரத்தில் கட்டாயம் திரும்பி வரச் சொன்னார். நான் போகவில்லை. மூன்றாவது வாரத்தில் நான் நன்றாகிவிட்டேன். விடியற்காலையில் எழுந்து சமைத்தேன். கொப்பிகளை ஒரே இரவில் திருத்தினேன். என் கணவர் தன் கடை முதலாளியிடம், "மருந்து நல்லா வேல செய்யுது" என்று சொன்னாராம். ஐந்தாவது வாரத்தில் நன்றாக இருப்பதையும் தாண்டிவிட்டேன். இரவில் இரண்டு மணி நேரத் தூக்கம் போதுமாக இருந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் லைட் அணையவே இல்லை. சுவரெல்லாம் தாள் ஒட்டி, மலையகத்துப் பிள்ளைகள் எல்லோரையும் பெரிய பாடசாலைகளில் சேர்ப்பதற்கான திட்டத்தை எழுதினேன். அதைச் செய்வதற்காகத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக வேறு எதுவும் எனக்கு அதற்கு முன்னும் தெரிந்ததில்லை, பின்னும் தெரியவில்லை.

"யோகா, கொஞ்சம் படு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு" என்றார் என் கணவர்.

"நீங்க படுங்க. தோட்டமே தூங்குது, நானும் தூங்கணுமா?" என்றேன். அவர் பயந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அது வேடிக்கையாகவும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆற்றங்கரையில் சுற்றாடல் பாடம் என்று பாடசாலை அதிபரிடம் சொல்லிவிட்டு, தரம் ஐந்து பிள்ளைகள் பதினான்கு பேரையும் ரோட்டுக்குக் கூட்டிப்போய் பதுளை பஸ்ஸில் ஏற்றினேன். நாளையிலிருந்து நீங்கள் பதுளையில் படிக்கப் போகிறீர்கள் என்று அவர்களிடம் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். டீச்சர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? ஒரு பையன் காலில் கிடந்த தன் தேய்ந்த சப்பாத்தை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டே வந்தான். எவ்வளவோ மறந்துபோயிருக்கிறது, இது மட்டும் மறக்கவில்லை.

பதுளையில் இறங்கியபோது நல்ல மழை. நான் முன்னால் நடந்தேன். பிள்ளைகளை எண்ணவில்லை. ஒரு பெரிய பாடசாலையின் கேட்டுக்கு முன்னால் போய் நின்று, இவர்களை இப்போதே சேர்க்க வேண்டும் என்று காவலாளியிடம் சொன்னேன். அவர் சிங்களத்தில் பொறுமையாக ஏதோ சொன்னார். நான் சத்தம் போட்டேன். சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில் மாறி மாறிப் பேசினேன். ஆட்கள் கூடினார்கள். பிள்ளைகள் மழையில் மதிலோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போது ஒருவன் என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சர், தர்ஷிகாவக் காணோம்."

தர்ஷிகா வகுப்பிலேயே சின்னவள். எங்களுக்குக் கீழே உள்ள லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் விஜயாவின் மகள்.

"அவ வந்துருவா" என்றேன். திரும்பி நின்று, மறுபடியும் கேட்டைப் பார்த்துப் பேச்சைத் தொடர்ந்தேன்.

தர்ஷிகா கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. பஸ் நிலையத்துக் கூட்டத்தில் பிரிந்துபோய், பக்கத்தில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று அழுதிருக்கிறாள். கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். அவளை உள்ளே உட்கார வைத்து, தலையைத் துவட்ட ஒரு புதுத் துவாயைப் பிரித்துக் கொடுத்து, பிளேன்டீயும் பணிஸும் வாங்கித் தந்து, பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு பெண் பொலிஸ் என் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் செருப்பு ஒன்று ரோட்டில் கிடந்தது. "பரவாயில்லை, நடக்க வேண்டிய தூரம் இனி இல்லை" என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

முதல் மூன்று நாள் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஊசி போட்டார்கள், தூங்கினேன், எழுந்து பேசினேன், மறுபடி ஊசி. பிறகு சொன்னார்கள், நான் தாதிகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேனாம். நாலாம் நாள் கண் விழித்தபோது தலை கனமாக, நாக்கு தடித்து, உள்ளே ஒன்றுமே ஓடாமல் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் மகியங்கனைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர், சோமாவதி என்று பெயர், தன் சீப்பால் என் தலையை வாரிக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாரத் தொடங்கினாரா என்று தெரியவில்லை. நான் தடுக்கவில்லை.

அன்று மத்தியானம் சரசு அக்கா வந்தாள். என் மூத்த அக்கா. பூனாகலையில் கொழுந்து எடுக்கிறாள். இரண்டு பஸ் மாறி, தூக்குச் சட்டியில் சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் கொண்டு வந்திருந்தாள். என் கணவரும் இருந்தார். டொக்டர், ஒரு சிங்களப் பெண்மணி, எங்கள் மூவரையும் சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. அதனால் பரீனா மிஸ்ஸையும் கூப்பிட்டார். பரீனா மிஸ் பதுளைக்காரர், மனநலப் பிரிவில் தாதி. பிற்பாடு என் வீடு வரைக்கும் வந்தவர் இவர்தான்.

டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இதற்கு முன் இப்படி இருந்திருக்கிறதா? பரீனா மிஸ் தமிழில் சொன்னார்.

என் கணவர், "இல்ல மிஸ், இதான் மொதத் தடவ" என்றார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இருந்துச்சுங்க. டொக்டர்கிட்ட சொல்லுங்க மிஸ். இவ வாத்தியார் காலேஜ்ல படிக்கிறப்ப ஒரு தடவ இதே மாதிரி ஆச்சு. பத்து நாளு தூங்கல. ஹாஸ்டல் செவுரு பூரா படம் வரைஞ்சு வச்சிட்டா. நாங்க போயி கூட்டிட்டு வந்து வீட்டோட வச்சிருந்தோம். மஞ்சக்காமாலன்னு எல்லாருக்கும் சொன்னோம். அதுக்கப்பறம் ஆறு மாசம் பேசாம கெடந்தா. வெளிய தெரிஞ்சா கல்யாணம் ஆவாதுன்னு மூடி வச்சிட்டோம்."

பரீனா மிஸ் அதை ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் எழுதிக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"நீயும் சொல்லல."

  வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"கல்யாணத்துக்கு அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமே அக்கா" என்று அக்காவிடம் திரும்பினார்.

"எப்படிங்க தம்பி சொல்றது? நீங்க நல்லா வச்சிருந்தீங்க. நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு."

அவர் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். அக்கா அழுதாள். டொக்டர் அவள் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரை நகர்த்திவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "அம்மா சொன்னது நல்லது. ரொம்ப நல்லது" என்றார்.

அன்றைக்குத்தான் என் நோய்க்குப் பெயர் கிடைத்தது. பைபோலார். தமிழில் இருமுனைக் கோளாறு என்று கொப்பியில் எழுதித் தந்தார்கள். பரீனா மிஸ் ஒரு தாளின் பின்பக்கத்தில் மலைரோடு மாதிரி ஒரு கோடு வரைந்து காட்டினார்.

"எல்லாருக்கும் மனசு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். உங்களுக்கு ஏறினா ரொம்ப மேல போகுது. அதுக்கு மேனியான்னு சொல்றது. இறங்கினா அடியில போய் கிடக்குது. அது மனச்சோர்வு. ரெண்டும் ஒரே வருத்தம்தான், ஒரே நோய். இப்படி அடியில இருக்கிற நேரம் மேல தூக்குற மாத்திரைய மட்டும் குடுத்தா, சில பேருக்கு அப்படியே மேல தூக்கி அடிச்சிரும். அந்த டொக்டர் அதுக்குத்தான் அந்தக் கேள்விய கேட்டிருக்காரு. விளங்குதா?"

விளங்கியது. பதினான்கு பிள்ளைகள் மழையில் நின்றதற்கும் நான் சொன்ன ஒரு "இல்லை"க்கும் இடையில் உள்ள வழி விளங்கியது.  தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் என் கணவர் வரவில்லை. பார்வையாளர் நேரத்தில் எல்லாக் கட்டிலுக்கும் ஆட்கள் வந்தார்கள். சோமாவதி அம்மா தன் மகன் கொண்டுவந்த வாழைப்பழத்தில் இரண்டை என் மேசையில் வைத்தார். என் கணவர் இனி வரமாட்டார் என்று நான் கணக்குப் போட்டேன். நிலானியை அவருடைய அம்மா வீட்டில் விடுவார்கள். நான் அக்காவோடு பூனாகலைக்குப் போவேன். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது மாதிரி ஒழுங்காக யோசித்தேன்.

அதற்கடுத்த நாள் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நான் வந்த நாளிலிருந்து வெறுங்காலோடு இருந்தேன். அதை நானே கவனிக்கவில்லை. அவர் குனிந்து செருப்பைக் கட்டிலுக்குக் கீழே நேராக வைத்தார்.

"கால்ல போட்டுக்க. சிமெந்துத் தரை, குளிரு."

போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

"கோவமாத்தான் இருக்கேன்" என்றார். "அது போறதுக்கு நாளாகும். ஆனா கோவத்துக்கும் நான் இங்க வர்றதுக்கும் சம்பந்தம் இல்ல. அத ஒனக்கு சொல்லணும்னுதான் நேத்து பூரா யோசிச்சேன்."

"சரி" என்றேன். வேறு நல்ல வார்த்தை அப்போது அகப்படவில்லை. அவர் அதையே எடுத்துக்கொண்டார்.

தர்ஷிகாவைப் பற்றி அவர்தான் சொன்னார். துணிக்கடை, துவாய், பணிஸ் எல்லாம். மற்றப் பிள்ளைகளைப் பொலிசே வேனில் கொண்டுவந்து விட்டதாம். பெற்றோர் பாடசாலை வாசலில் கூடி, அந்த டீச்சர் இனி இந்தக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அதிபரிடம் சொன்னார்களாம். "விஜயாதான் ரொம்பச் சத்தம் போட்டிச்சு. நான் ஒண்ணும் பேசல. பேச என்ன இருக்கு?"

ஆஸ்பத்திரி நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி. காலையில் தேத்தண்ணீர், மாத்திரை, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு டொக்டர் சுற்று. பிறகு நீளமான பகல். லித்தியம் தொடங்குவதற்கு முன் சிறுநீரகமும் தைராய்டும் எப்படி இருக்கின்றன என்று ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். லித்தியம் என்பது ஒரு வகை உப்பு. ரத்தத்தில் அளவு குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் விஷமாகிவிடும். அதனால் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் உடனே டொக்டரிடம் போக வேண்டும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். பாடம் நடத்துவதற்கு இவ்வளவு வசதியான விஷயம் என் வாழ்க்கையில் வேறில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் நிலானியைக் கூட்டி வந்தார். அவளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. அவர் போட்டது, ஒன்று மேலே ஒன்று கீழே. ஆஸ்பத்திரித் தோட்டத்து வாங்கில் உட்கார்ந்தோம். அவள் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்காராமல் அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ இப்ப கத்துவியா?"

"இல்ல."

"ராவைக்கு தூங்குறியா?"

"தூங்குறேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். மருந்தால் விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் எட்டி ஒரு விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். என் பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது. அவள் பிறந்த நாள், அவள் எடை, அவளுக்குப் பிடிக்காத கறி எல்லாம் தெரிந்தது. ஆனால் அவளைப் பார்த்தால் வர வேண்டியது வரவில்லை. அவர்கள் போன பிறகு இதைப் பரீனா மிஸ்ஸிடம் சொன்னேன். முதல் தடவையாக நானாக எதையோ ஒருவரிடம் சொன்னேன்.

"வரும்" என்றார் அவர். "எப்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. கொஞ்சம் மருந்தால, கொஞ்சம் மேல போய் வந்த களைப்பால. அது வர்ற வரைக்கும் தாய் செய்ய வேண்டிய வேலைய செஞ்சிக்கிட்டு இருங்க. தலை வாருங்க, சோறு போடுங்க. பிள்ளைக்கு உங்க மனசுக்குள்ள இருக்கிறது தெரியாது. கை செய்றதுதான் தெரியும்."

இதைவிடப் பயனுள்ள ஒன்றை எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு கிளினிக். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. விடிய முன்னமே பஸ் ஏறினால்தான் ரத்தம் கொடுக்கும் வரிசையில் இடம் கிடைக்கும். டொக்டரைப் பார்த்து முடிந்ததும் பரீனா மிஸ்ஸோடு முக்கால் மணி நேரம் பேச்சு. பேச்சுச் சிகிச்சை என்றால் நான் அழுவேன், அவர் ஆறுதல் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வீட்டுப் பாடம் மாதிரி. ஒரு சின்னக் கொப்பியில் தினமும் எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், மனநிலைக்குப் பத்தில் எவ்வளவு என்று எழுத வேண்டும். நான் நாலு, நாலு, நாலு என்று எழுதினேன். ஒருநாள் மிஸ், "பொய்யா?" என்று கேட்டார். "இல்ல மிஸ், நாலுதான்" என்றேன். "சரி, நாலும் ஒரு எண்தானே" என்றார்.

ஒரு தடவை அவர் தோட்டத்துக்கே வந்தார். மழையில் ரோட்டிலிருந்து ஏறி வந்து, எங்கள் வீட்டில் என் கணவரையும் நிலானியையும் உட்கார வைத்து, அம்மாவுக்கு வருத்தம் திரும்பி வரப்போவதை முதலில் எதில் கண்டுபிடிப்பது என்று கேட்டார். என் கணவர், "தூக்கம் கொறையும். லைட்ட அணைக்க மாட்டா" என்றார். நிலானி யோசித்து, "அம்மா வேகமாப் பேசும். கேள்வி கேட்டுட்டு பதில கேக்காது" என்றாள். மிஸ் அதையெல்லாம் எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னார்.

வேலைக்குத் திரும்ப விசாரணை நடந்தது, மருத்துவச் சபை முன்னால் போனேன், தாள்கள் வந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். அதிபர், "வாங்க டீச்சர், ஆனா தாய்மார் என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்" என்றார். பதினான்கு பேரில் பதினொரு பேருடைய வீடுகளுக்கு நானும் என் கணவரும் போய் வந்தோம். சிலர் தேத்தண்ணீர் தந்தார்கள். சிலர் வாசலிலேயே தலையாட்டினார்கள். இரண்டு குடும்பங்கள் கொழும்புக்குப் போயிருந்தன. விஜயா வீட்டுக்கு மட்டும் தனியாகப் போனேன்.

அவள் மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. தர்ஷிகா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க விஜயா" என்றேன். "நான் புள்ளைகள எண்ணல. ஒங்க புள்ளையக் காணோம்னு சொன்னப்பவும் நான் தேடல."

அவள் வாசலை மறித்தபடி நின்று சொன்னாள்.

"எனக்கு மலையில வந்து சொன்னாங்க டீச்சர். ஓடி எறங்கினேன். பசறைக்குப் போயி பஸ்ஸு மாறுறப்பதான் பாக்குறேன், கொழுந்துப் பை அப்படியே முதுகுல இருக்கு. பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு அத எறக்கி வைக்கணும்னுகூடத் தோணல. மூணு மணி நேரம். எம் புள்ள செத்துட்டான்னே முடிவு பண்ணிட்டேன்."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு சொல்றேன், ஒங்க கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல."

"வர மாட்டேங்குது" என்றேன். "வருத்தம் இல்லாம இல்ல. எதுக்குமே வர மாட்டேங்குது. எம் புள்ளையப் பாத்தும் வரல."

அவள் முகம் மாறவில்லை. ஆனால் சாக்கை அவிழ்த்துச் சுவரில் மாட்டிவிட்டு வாசல் கல்லில் உட்கார்ந்தாள். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

"திரும்ப வருமா இது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். "வரலாம். மருந்து ஒழுங்காப் போட்டா கொறையும். வராதுன்னு சொல்ல முடியாது."

"வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அலுமாரிக் கதவில் இருப்பதைச் சொன்னேன். தூக்கம், லைட், வேகமான பேச்சு. அவள் தலையாட்டிக் கேட்டாள், மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதைப் போல.

"நான் நாலு மணிக்கே எந்திரிக்கிறவ. ஒங்க வீட்டு ஜன்னல் எனக்கு இங்கேருந்து தெரியும்" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "நாளைக்கு டீச்சரு வகுப்புக்குப் போ" என்று மகளிடம் சொன்னாள். என்னிடம் போய்வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

தர்ஷிகா வந்தாள். கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் என் எழுத்து நடுங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கிளினிக் கொப்பியில் நாலு, நாலு, ஐந்து, நாலு என்று எழுதினேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். நிலானிக்குக் காய்ச்சல். விடிய முன்னமே எழுந்து லைட்டைப் போட்டு அவள் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் விஜயா. தலையில் துண்டைக் கட்டி, கையில் டோர்ச் லைட்டோடு நிற்கிறாள். மூச்சு வாங்குகிறது. படி ஏறி ஓடி வந்திருக்கிறாள்.

"ஏன் லைட் எரியுது?"

"நிலானிக்குக் காய்ச்சல்."

அவள் நம்பவில்லை. டோர்ச் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தாள்.

"ராத்திரி எத்தன மணிக்குப் படுத்தீங்க?"

"ஒன்பதரைக்கு."

"இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழக்கெழம."

"மருந்து போட்டீங்களா?"

"போட்டேன்."

என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். நேராகப் போய் நிலானியின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். "ஆமா, சுடுது" என்றாள். திரும்பி வந்து இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். "மெதுவாத்தான் பேசுறீங்க. சரி. கொத்தமல்லி இருந்தா அவிச்சிக் குடுங்க. இல்லன்னா எம் புள்ளைகிட்ட குடுத்தனுப்புறேன்." டோர்ச் வெளிச்சத்தில் படியில் இறங்கிப் போனாள்.

உள்ளேயிருந்து என் கணவர், "யாரு அது இந்நேரத்துல?" என்றார்.

"விஜயா. எனக்குப் பைத்தியம் வந்துருச்சான்னு பாக்க வந்தாங்க."

"என்னவாம்?"

"இல்லையாம். கொத்தமல்லி அவிக்கச் சொன்னாங்க."

அவர் போர்வைக்குள்ளிருந்து சிரித்தார். கொஞ்சம் பிந்தி நானும் சிரித்தேன்.